கடவுச்சொல்லும் எழுமாற்றும்

ஒருவன் தான் இன்னான் என்பதை ஒரு சொல்லினால் நிறுவும் வழக்கம் மிகப் பழையது. இருளிற் காவல் நிற்பவனுக்கு வருபவனுடைய முகம் தெரியாது; குரலும் ஐயத்திற்கு இடமானது. ஆதலின், உரியவர் தம்முள் முன்னரே வகுத்துக்கொண்ட ஒரு சொல்லே நண்பனையும் பகைவனையும் பிரித்தறியும் கருவியாயிற்று. கி. மு. இரண்டாம் நூற்றாண்டினரான கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ், உரோமப் படையின் பாசறை ஒழுங்கை விரித்துரைக்குமிடத்து இவ்வழக்கத்தையும் எடுத்தோதுகின்றார். பாசறைத் தெருவின் கோடியிலுள்ள பிரிவிலிருந்து ஒருவன் நாடோறும் ஞாயிறு மறையும் வேளையிற் படைத்தலைவனின் கூடாரத்தை அடைந்து, அன்றைய இரவுக்குரிய சொல் பொறிக்கப்பட்ட மரப்பலகையொன்றைப் பெறுவான். அப்பலகை, சாட்சிகள் காணக் கைமாறி, பிரிவு பிரிவாக முன்னோக்கி வந்து, இருட்டுமுன் மீண்டும் தலைவன் கையை அடைதல் வேண்டும். பலகையொன்று மீளாதாயின், அதிலுள்ள குறியைக் கொண்டு அஃது எங்கே தடைப்பட்டது என்பதை அவன் உடனே ஆராய்ந்து, குற்றவாளியை ஒறுப்பான்.

இவ்வொழுங்கின் நுட்பம் வியக்கத்தக்கதே. ஆயினும், பொலிபியஸ் சொல்லை வழங்கும் முறையை இத்துணை விரிவாகக் கூறுபவர், அச்சொல்லைத் தலைவன் எங்ஙனம் தெரிந்தெடுத்தான் என்பது பற்றி அங்கு ஒன்றும் கூறினாரல்லர். சொல்லைக் காத்தல், சொல்லைத் தெரிதல் என்னும் இரண்டனுள், முன்னையதிலேயே பண்டையோர் கருத்தூன்றினர். பின்னையது ஒரு சிக்கல் என்பதை மனிதன் உணர்தற்கு ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகள் சென்றன. அதனை அவன் உணர்ந்த வரலாறும், தன்னால் இயலாத அத்தெரிவைப் பொறியிடம் ஒப்படைத்த வரலாறும், பொறியும் பலகால் வழுவிய வரலாறும் ஈண்டு நோக்கற்பாலன.

தெரிவின்கண் உள்ள குறைபாடு முதன்முதல் தெளிவாக வெளிப்பட்டது இலக்கமறைக் கலையிலேயே எனலாம். ஜேர்மனியப் படையினர் கையாண்ட எனிக்மா என்னும் மறைபொறியின் உள்ளமைப்பைப் போலந்து நாட்டுக் கணித அறிஞர் மரியான் ரெஜெவ்ஸ்கி 1932ஆம் ஆண்டின் இறுதியிற் கணித முறையாற் கண்டறிந்தார். பிரெஞ்சு உளவுத்துறை வழங்கிய சில ஆவணங்களும் அவருக்குத் துணையாயின. எனினும், பொறியின் கணிதத்தைப் போலவே பொறியை இயக்கிய மனிதரின் பழக்கமும் அவருக்குக் கைகொடுத்தது. ஒவ்வொரு செய்திக்கும் மூன்று எழுத்துக்கள் கொண்ட திறவு ஒன்றை இயக்குபவனே தன் விருப்பப்படி அமைத்தல் வேண்டும். இருபத்தாறு எழுத்துக்களைக் கொண்டு 17,576 திறவுகள் அமைக்கலாம். அவற்றுள் எதனையும் எடுக்க உரிமை பெற்றிருந்தும், பலர் ஒரே எழுத்தை மும்முறை எழுதிவிட்டு அமைந்தனர்.

மேலிடத்தார் இதனைக் கண்டு, ஒரே எழுத்தை மும்முறை எழுதுதல் கூடாதெனத் தடைவிதித்தனர். அதன் விளைவு யாது? இயக்குவோர் ஓரெழுத்தை இருமுறை வழங்குதலையும் அஞ்சித் தவிர்க்கலாயினர். அத்தவிர்ப்பே ஒரு புதிய ஒழுங்காயிற்று. அவ்வொழுங்கும் தமக்குப் போதிய துணையாயிற்று என ரெஜெவ்ஸ்கி பிற்காலத்தில் எழுதியுள்ளார். பின்னர்ப் பிரித்தானியாவின் பிளெச்லி பார்க்கில் உழைத்தவர்களும், விசைப்பலகையில் அடுத்தடுத்துள்ள எழுத்துக்களையும் பெண்களின் பெயர்களையும் ஜேர்மனிய இயக்குவோர் திறவாக வைத்தமையாற் பெரிதும் பயனடைந்தனர். விலக்கிய ஒன்றினின்றும் ஓடுபவன் விலக்கப்படாத மற்றொன்றில் வீழ்கின்றான். எங்கும் வீழாது நடுவே நிற்றல் மனித மனத்திற்கு அரிதாயிருக்கின்றது. இஃது இக்கட்டுரையில் மீண்டும் வருவதொன்றாகலின், நினைவில் நிறுத்தற்பாலது.

கடவுச்சொல் கணினியுலகிற் புகுந்தது 1960களின் தொடக்கத்திலாகும். அமெரிக்காவின் மசாச்சுசெற்ஸ் தொழினுட்பக் கழகத்தில் ஃபேர்னாண்டோ கோர்பாற்றோவும் அவர்தம் குழுவினரும் 1961இற் செய்து காட்டிய நேரப்பகிர்வு முறைமை, ஒரே கணினியைப் பலர் ஒருங்கே பயன்படுத்த வழிசெய்தது. பலர் பயன்படுத்தும் பொருளில் ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கோப்பும், அளந்து கொடுத்த நேரமும் இருந்தமையின், இன்னார் இன்னவர் என அறிதல் வேண்டியதாயிற்று. அதற்கு அவர்கள் கண்ட எளிய வழியே கடவுச்சொல். அஃது ஏற்பட்டுச் சிறிது காலத்துள்ளேயே திருட்டும் ஏற்பட்டது. 1962ஆம் ஆண்டில் அங்கு ஆராய்ச்சி மாணவராயிருந்த அலன் ஷேர் என்பவர், தமக்கு அளிக்கப்பட்ட கணினி நேரம் போதாமையால், கடவுச்சொற்கள் அடங்கிய கோப்பினை அச்சிட்டுத் தருமாறு துளையட்டை மூலம் பொறியையே வேண்டினார். பொறியும் மறுக்காது அச்சிட்டுக் கொடுத்தது! இதனை அவரே பல ஆண்டுகள் கழித்து வெளியிட்டார். அதே முறைமையில் மற்றொருகால், அன்றாட அறிவித்தலும் கடவுச்சொற் கோப்பும் ஒன்றுக்கொன்று இடம் மாறியதனால், உள்ளே புகுந்த ஒவ்வொருவருடைய முனையத்திலும் எல்லாருடைய கடவுச்சொற்களும் தோன்றின. கோர்பாற்றோ தாம் 1990ஆம் ஆண்டின் தியூரிங் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையில் இந்நிகழ்ச்சியை மறையாது எடுத்துரைத்தமை அவர்தம் நேர்மைக்குச் சான்று.

சொல்லை உள்ளவாறே எழுதி வைத்தல் கேடு என்பது இவற்றாற் புலனாயிற்று. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் றொஜர் நீடம் என்பார், சொல்லை மீட்க இயலாத ஒருவழிச் சார்பினூடாகச் செலுத்தி, வருவதை மட்டும் சேமித்து வைக்கும் உபாயத்தைக் கண்டார். நெல்லை அரிசியாக்கலாம், அரிசியை நெல்லாக்கல் ஆகாது என்பது போன்றது இவ்வுபாயம். மொறிஸ் வில்க்ஸ் 1968இல் வெளியிட்ட நேரப்பகிர்வு பற்றிய நூலில் இது விளக்கப்பட்டுள்ளது. பெல் ஆய்வுகூடத்திற் பிறந்த யுனிக்ஸ் இயக்க முறைமையும் இவ்வழியையே பின்பற்றியது.

இவ்வளவும் காவலின் வரலாறு. தெரிவின் வரலாற்றிலே திருப்புமுனையாயமைந்தது 1979இல் றொபேட் மொறிஸ், கென் தொம்சன் ஆகிய இருவரும் யுனிக்ஸ் கடவுச்சொற்களைப் பற்றி எழுதிய ஆய்வுக் கட்டுரையாகும். சில பக்கங்களே கொண்ட அக்கட்டுரை, பிற்கால நூல்கள் பலவற்றிலும் சிறந்தது. அவர்கள் பயனாளரின் 3,289 கடவுச்சொற்களைத் திரட்டி ஆராய்ந்தனர். அவற்றுள் 15 ஒரேயோர் எழுத்தாலானவை. 72 ஈரெழுத்துச் சொற்கள். 464 மூவெழுத்துச் சொற்கள். ஐந்தெழுத்துக்களாலானவை 706, சிற்றெழுத்துக்கள் ஆறு கொண்டவை 605. அகராதிகளிலும் பெயர்ப்பட்டியல்களிலும் காணப்பட்டவை மேலும் 492. இவ்வாறாக 2,831 சொற்கள், அஃதாவது நூற்றுக்கு 86, தேடுவோன் கையில் எளிதில் அகப்படுவன எனத் தெரிந்தது. ஆராயப்பட்டோர் கணினியைப் பற்றி ஒன்றும் அறியாதவரல்லர். அக்காலத்தில் யுனிக்ஸைக் கையாண்டோர் பெரும்பாலும் அத்துறையினரே.

மனிதன் தெரிந்தாற் பிழை நேர்கின்றது. எனின், பொறியே தெரிந்து கொடுக்கட்டும் என்பது இயல்பாக எழும் எண்ணம். அவ்வெண்ணத்துக்கு நேர்ந்த கதியையும் அதே கட்டுரை கூறுகின்றது. ஓரிடத்தில் மேலாளர், பயனாளர் யாவருக்கும் கணினியே கடவுச்சொல் ஆக்கித் தரும் ஒழுங்கை ஏற்படுத்தினர். ஒவ்வொரு சொல்லும் எட்டு இடங்கள் கொண்டது. சிற்றெழுத்துக்கள் 26, இலக்கங்கள் 10, ஆக 36 குறிகளினின்றும் ஒவ்வோரிடமும் நிரப்பப்பட்டது. இவ்வாறு அமையக்கூடிய சொற்கள் ஏறத்தாழ 2 இலட்சத்து 82 ஆயிரம் கோடி. அன்றைய பொறியில் ஒவ்வொன்றாகச் சோதித்து முடிக்க 112 ஆண்டுகள் செல்லும். இக்கணக்கைப் பார்த்தவர் எவரும் மன அமைதி கொள்வர். ஆனால், அச்சொற்களை ஆக்கிய பொறியின் எழுமாற்று எண்ணாக்கி, தொடங்குதற்குக் கொள்ளக்கூடிய வித்து எண்கள் 2இன் 15ஆம் வலு, அதாவது 32,768 மட்டுமே. வித்து ஒன்றானால் விளைவும் ஒன்றே. ஆதலின் உலகில் அப்பொறி ஆக்கவல்ல கடவுச்சொற்களின் முழுத்தொகையும் 32,768ஐ விஞ்சாது. தேடியவன் அவ்வனைத்தையும் தானும் ஆக்கி, ஏறக்குறைய ஒரு நிமிடப் பொறிநேரத்திற் பொறி வழங்கிய சொற்கள் யாவற்றையும் கண்டெடுத்தான். நூற்றுப் பன்னிரண்டு ஆண்டு எங்கே, ஒரு நிமிடம் எங்கே!

பார்வைக்கு ஒழுங்கற்றதாய்த் தோன்றுதல் வேறு, முன்னறிய ஒண்ணாததாய் இருத்தல் வேறு என்னும் உண்மையை இதனினும் தெளிவாகக் காட்டும் சான்று அரிது. சொல்லை நோக்கி அது வலிதோ மெலிதோ எனத் தீர்ப்புக் கூறல் ஆகாது. அது பிறந்த வழியை நோக்கியே கூறல் வேண்டும். இன்றும் பல இணையத்தளங்கள் சொல்லை மட்டும் பார்த்துப் பச்சை, சிவப்பு நிறங்களால் வலிமை காட்டுவது இவ்வுண்மையை மறந்தமையாலாகும்.

இனி, எழுமாற்று எண்கள் எங்கிருந்து வருகின்றன என்பதைச் சிறிது ஆராய்தல் வேண்டும். புள்ளிவிபரவியலார்க்கு இவை கடவுச்சொல்லுக்கு முன்னரே தேவைப்பட்டன. 1927இல் இங்கிலாந்தைச் சேர்ந்த திப்பெற் என்பவர் குடிசன மதிப்பு அறிக்கைகளினின்றும் எடுத்த 41,600 இலக்கங்களை நூலாக வெளியிட்டார். அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தினர் 1947இல் ஓர் இலத்திரனியற் சூதாட்டச் சக்கரத்தை அமைத்து, அதனின்றும் பெற்ற பத்து இலட்சம் இலக்கங்களை 1955இல் அச்சிட்டனர். பக்கம் பக்கமாக இலக்கங்களையன்றி வேறொன்றும் இல்லாத அந்நூல், படிப்பதற்கு உரியதன்று எனினும் பயன் மிக்கது. அச்சக்கரத்திலும் ஒற்றை, இரட்டை எண்களிடையே சிறிய சாய்வு காணப்பட்டமையால், இலக்கங்களை ஒன்றோடொன்று கூட்டி, பத்தால் வகுத்த மீதியைக் கொண்டு அச்சாய்வைப் போக்கினர். இயற்கையிலிருந்து பெறும் எழுமாற்றும் வடிகட்டப்பட வேண்டியதே என்பது இதனாற் போதரும்.

பிரித்தானியாவில் 1957இல் இயங்கத் தொடங்கிய ஏர்ணி என்னும் பொறியும் இவ்வினத்தது. அரசாங்கச் சேமிப்புப் பத்திரங்களுக்குப் பரிசெண் தெரிவதற்காக அஞ்சற்றிணைக்களத்தின் ஆய்வு நிலையத்தார் இதனை ஆக்கினர். போர்க்காலத்திற் கொலோசஸ் என்னும் கணிபொறியை ஆக்கிய குழுவினரே இதிலும் ஈடுபட்டமை குறிப்பிடத்தக்கது. நியோன் வாயுக் குழாய்களில் எழும் மின்னிரைச்சலே அதற்கு ஊற்று. 2019இல் வந்த அதன் ஐந்தாம் தலைமுறை, ஒளித்துகள்களின் குவைய இயல்பினின்றும் எண்களைப் பெறுகின்றது.

இவ்வழி நன்றெனினும் தனிக்கருவி வேண்டுவது. கணக்கினாலேயே எழுமாற்று எண்களை ஆக்கிவிட முயன்றவருள் முன்னணியில் நின்றவர் ஜோன் வொன் நியூமன். ஓர் எண்ணை வர்க்கித்து, அதன் நடு இலக்கங்களை அடுத்த எண்ணாகக் கொள்ளுதல் அவர் கண்ட முறை. நாலிலக்க எண்களைக் கொண்டு இதனைச் செய்து பார்க்கும் மாணவன் விரைவில் ஒரு வேடிக்கையைக் காண்பான். 3792ஐ வர்க்கித்தால் 14379264 வரும். அதன் நடுவிலுள்ளது மீண்டும் 3792. அவ்வெண்ணில் ஒருகால் வீழ்ந்த தொடர் பின்னர் எழுவதே இல்லை. கணக்கு வழியே உண்மையான எழுமாற்றைப் பெறலாமெனக் கருதுவோர் பாவம் செய்பவராவர் என வொன் நியூமனே நகைச்சுவையாகக் கூறிவைத்தார். தம் குறையைத் தாமே முதலிற் சொல்லும் பெருமை எல்லார்க்கும் வாய்ப்பதன்று.

பாவத்தை அறிந்தும் உலகம் அதனை விட்டிலது. 1997இல் ஜப்பானிய அறிஞர் மற்சுமோற்றோ, நிஷிமுரா இருவரும் ஆக்கிய மேர்சென் திருகி என்னும் எண்ணாக்கியின் தொடர், 2இன் 19937ஆம் வலுவில் ஒன்று குறைந்த அளவு சென்றபின்னரே மீளும். ஆயினும், அடுத்தடுத்து வரும் 624 எண்களைக் கண்டவன் அதன் உள்நிலை முழுவதையும் கணித்து, இனி வருவன யாவற்றையும் முன்கூட்டியே கூறிவிடுவான். வானிலை, அணுவியல் முதலியவற்றின் மாதிரிக் கணிப்புகளுக்கு அது சாலச் சிறந்தது. மறைபொருள் காக்க உதவாது. குதிரை நல்லதேயெனினும் ஏரிற் பூட்டுதற்குரியதன்று.

1995இல் இப்பிழை உலகறிய வெளிப்பட்டது. அக்காலத்தில் இணையத்தில் வணிகம் செய்வோர் பெரிதும் நம்பியிருந்த நெற்ஸ்கேப் உலாவி, தன் மறைத்திறவுகளுக்கு வித்தாகப் பொழுதையும் இயக்க முறைமை தரும் இரண்டு செயன்முறை எண்களையுமே கொண்டிருந்தது. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பேர்க்கிலி வளாக மாணவர் இயன் கோல்ட்பேர்க், டேவிட் வாக்னர் ஆகிய இருவரும் இதனை வெளிப்படுத்தினர். பொழுது எல்லார்க்கும் பொதுவானது. அதே கணினியில் இடம் பெற்றவனுக்குச் செயன்முறை எண்களும் தெரிந்தவையே. எஞ்சியது ஒரு விநாடியின் பத்திலட்சத்தில் ஒரு கூறு எது என்பதே. பத்திலட்சம் வாய்ப்புக்களைச் சோதித்தல் அன்றைய கணினிக்கும் எளிய வேலை.

அதனினும் வியப்பானது 2008ஆம் ஆண்டு மே மாதம் வெளியான செய்தி. டெபியன் என்னும் இலவச இயக்க முறைமையில், 2006இல் ஒரு சோதனைக் கருவி காட்டிய எச்சரிக்கையை நீக்கும் பொருட்டுப் பராமரிப்பாளர் ஒருவர் மறைக்குறியாக்க நிரலின் ஒரு வரியை அகற்றினார். அவ்வரியே எழுமாற்று ஊற்றினைத் திரட்டும் வரி. அது போனபின் வித்தாக எஞ்சியது செயன்முறை எண் ஒன்றே. அதன் உச்ச அளவு 32,768. மொறிசும் தொம்சனும் 1979இல் எழுதிய அதே எண், ஏறத்தாழ முப்பதாண்டு கழிந்தபின் மீண்டும் தோன்றியது! அவ்விடைக்காலத்தில் அம்முறைமையில் அந்நிரலால் ஆக்கப்பட்ட திறவுகள் யாவும் கைவிடப்பட வேண்டியனவாயின. நிரலின் மூலம் வெளிப்படையாயிருந்தால் எவரும் பிழையைக் காண்பர் என்பது இலவச மென்பொருளார் பெருமையுடன் கூறுவது. அது பெரும்பாலும் மெய்யே. ஆயினும், பார்க்கலாம் என்பதும் பார்த்தனர் என்பதும் ஒன்றல்ல. அந்நிரல் ஏறக்குறைய இருபது மாதம் எல்லார் கண்முன்னும் கிடந்தது.

இத்தகைய பட்டறிவின் பின்னணியில், மேசைக் கணினியில் இயங்கும் இலவசக் கடவுச்சொல் ஆக்கிகளின் தோற்றத்தை நோக்குதல் வேண்டும். மனிதர் தெரியும் சொல்லின் தீங்கு 1988இல் ஒருகால் உலகிற்கு உணர்த்தப்பட்டிருந்தது. அவ்வாண்டு நவம்பரில் இணையத்தை நிலைகுலையச் செய்த புழு நிரல், தான் சுமந்து சென்ற 432 சொற்கள் கொண்ட பட்டியலாலும் பயனாளர் பெயர்களாலும் பல கணக்குகளைத் திறந்தது. அதனை விடுத்தவர் கட்டுரையாசிரியர் மொறிசின் மைந்தரே என்பது வரலாற்றின் விளையாட்டு. 1997இல் மறைக்குறியியல் அறிஞர் புறூஸ் ஷ்னையர், பாஸ்வேர்ட் சேவ் என்னும் மென்பொருளை இலவசமாக வெளியிட்டார். 2003இல் ஜேர்மனியரான டொமினிக் றைக்ல் கீபாஸ் என்னும் மென்பொருளை வெளியிட்டார். மனிதன் நினைவில் வைக்கவியலாத சொற்களைப் பொறியே ஆக்கி, பொறியே பூட்டி வைத்தல் இவற்றின் நோக்கம்.

ஆக்கும் முறை பின்வருமாறு. பயனாளரின் விசையழுத்தங்கள் எந்நொடியில் நேர்ந்தன, சுட்டி எவ்வாறு அசைந்தது, வன்தட்டு எப்பொழுது விடையளித்தது என்பன போன்ற சிறு நிகழ்ச்சிகளை இயக்க முறைமை திரட்டுகின்றது. 1994இல் தியோடோர் சோ லினக்ஸில் இதற்கெனத் தனி அமைப்பையே வகுத்தார். திரண்டதை மறைக்குறியாக்கச் சார்பினாற் கலந்து, முன்னறிய ஒண்ணாத பைற்றுக்கள் பெறப்படுகின்றன. சில ஆக்கிகள் பயனாளரைச் சுட்டியைச் சிறிது நேரம் அங்குமிங்கும் அசைக்குமாறு வேண்டுவதும் இதன் பொருட்டே. அது வெறும் சடங்கன்று.

பைற்றைக் குறியாக மாற்றுமிடத்தும் ஒரு நுட்பம் உண்டு. பேரெழுத்து, சிற்றெழுத்து, இலக்கம் என ஆங்கிலக் குறிகள் 62 உள. பைற்று ஒன்று கொள்ளும் பெறுமானங்கள் 256. 256ஐ 62ஆல் வகுத்தால் ஈவு 4, மீதி 8. எனவே மீதியைக் குறியாகக் கொள்ளும் கவனமற்ற நிரலில், முதல் எட்டுக் குறிகள் 256க்கு 5 தடவையும் ஏனையவை 4 தடவையும் தோன்றும். கவனமுள்ள நிரல், 248 முதலாக வரும் எட்டுப் பெறுமானங்களையும் எறிந்துவிட்டு வேறொரு பைற்றைக் கேட்கும். எறிதற்குத் துணியாதவன் சமன் செய்ய மாட்டான். இவ்வாறு ஆக்கிய குறி ஒவ்வொன்றும் ஏறத்தாழ 5.95 பிற்று ஐயப்பாட்டைத் தரும். ஐயப்பாட்டை இங்ஙனம் அளக்கும் வழியை 1948இல் வகுத்தவர் குளோட் ஷானன். பன்னிரண்டு குறிகள் கொண்ட சொல்லின் அளவு 71 பிற்றுக்குச் சற்று மேல். இருபது கொண்டதன் அளவு 119.

இத்தகைய சொல் நாவிற்கும் நினைவிற்கும் அடங்குவதன்று. உச்சரிக்கத்தக்க சொற்களைப் பொறி ஆக்கினால் என்ன என எண்ணியோரும் உளர். 1993இல் அமெரிக்க அரசாங்கம் அத்தகைய ஆக்கியொன்றைத் தன் நியமமாகவே ஏற்றுக்கொண்டது. மறு ஆண்டே கணேசன், டேவிஸ் என்னும் இருவர், அவ்வாக்கி எல்லாச் சொற்களையும் ஒப்ப ஆக்குவதில்லை என்றும், மிகுதியாக வரும் ஒரு சிறு கூட்டத்தைத் தேடினாலே பலரது கணக்குகள் அகப்படும் என்றும் காட்டினர். இன்னோசைக்காகக் கொடுத்த விலை அது. அந்நியமம் பின்னர் நீக்கப்பட்டது.

நினைவுக்கும் வலிமைக்கும் இடையே நேரிய வழி கண்டவர் ஆர்னல்ட் றைன்ஹோல்ட். 1995இல் அவர் வெளியிட்ட முறைக்குக் கணினியே வேண்டுவதில்லை. ஆறு முகங்கள் கொண்ட பகடையை ஐந்து தடவை உருட்டினால் 7,776 வாய்ப்புக்கள் உள. அத்துணைச் சொற்கள் கொண்ட பட்டியலில், பகடை காட்டும் எண்ணுக்குரிய சொல்லை எடுத்தல் வேண்டும். சொல் ஒன்றுக்கு ஏறத்தாழ 12.9 பிற்று, ஆறு சொற்களுக்கு 77. பட்டியலைப் பகைவன் அறிந்திருந்தாலும் குறையொன்றுமில்லை என்பதே இம்முறையின் அழகு. சூதினாற் பாண்டவர் நாடிழந்த கதையையும் நளன் காடடைந்த கதையையும் கேட்டு வளர்ந்தோர்க்கு, அதே சூதுக்கருவி பொருள் காக்கும் காவலனாய் வந்து நிற்பது புதுமையாகவே தோன்றும்.

சட்டம் வகுத்தோர் சென்ற வழியோ வேறு. 2003இல் அமெரிக்கத் தேசிய நியம நிறுவனத்தில் பில் பேர் என்பவர் எழுதிய வழிகாட்டல், கடவுச்சொல்லிற் பேரெழுத்தும் இலக்கமும் சிறப்புக்குறியும் கலத்தல் வேண்டும், காலத்துக்குக் காலம் மாற்றவும் வேண்டும் என்னும் விதிகள் உலகெங்கும் பரவக் காரணமாயிற்று. மக்கள் விதிக்கு அடங்கினர். ஆனால் எனிக்மாவை இயக்கியோர் அடங்கியவாறே அடங்கினர். முதலெழுத்தைப் பேரெழுத்தாக்கி, ஈற்றில் ஓர் இலக்கத்தைச் சேர்த்து, மாற்றவேண்டிய நாள் வந்ததும் அவ்விலக்கத்தில் ஒன்றைக் கூட்டினர். 2009இன் இறுதியில் றொக்யூ என்னும் நிறுவனத்திலிருந்து களவாடப்பட்ட 3 கோடி 20 இலட்சம் கடவுச்சொற்களுள் மிகப் பலர் வழங்கியது ஒன்று முதல் ஆறு வரையுள்ள இலக்கங்களின் வரிசையே. 2,90,000க்கு மேற்பட்டோர் அதனையே வைத்திருந்தனர். 2017இல் அந்நிறுவனம் மேற்கூறிய இரண்டு விதிகளையும் கைவிட்டது. ஓய்வு பெற்றிருந்த பேரும் தாம் எழுதியவற்றுட் பெரும்பாலானவற்றுக்கு வருந்துவதாக வெளிப்படையாகக் கூறினார்.

பொறியே ஆக்கும் சொல்லுக்கு இக்குறைகள் இல்லை எனக் கருதியோர்க்கு 2021ஆம் ஆண்டு யூலை மாதம் ஓர் ஆய்வறிக்கை வெளியாயிற்று. பிரான்சு நாட்டு லெட்ஜர் நிறுவனத்தின் ஆய்வாளர், பெயர் பெற்ற கஸ்பேர்ஸ்கி நிறுவனத்தின் கடவுச்சொல் முகாமை மென்பொருளைப் பிரித்து ஆராய்ந்திருந்தனர். அதன் ஆக்கி, மேலே கூறிய மேர்சென் திருகியையே கையாண்டது. வித்தாகக் கொண்டது பொழுதை மட்டுமே, அதுவும் விநாடியளவில். எனவே, ஒரே விநாடியில், ஒரே அமைப்பில் அப்பொத்தானை அழுத்திய உலகத்தவர் யாவரும் ஒரே கடவுச்சொல்லைப் பெற்றனர். 2010 முதல் 2021 வரையுள்ள விநாடிகளை எண்ணினால் 31 கோடியே 56 இலட்சத்துச் சொச்சம். தேடுவோனுக்குச் சில நிமிட வேலை. கணக்குத் தொடங்கிய நாள் தெரிந்திருப்பின் அதுவும் வேண்டா.

அவ்வாக்கியில் மற்றொரு புதுமையும் இருந்தது. மனிதச் சொற்களைப் பின்பற்றித் தேடுவோரை ஏமாற்றும் பொருட்டு, மொழியில் அருகி வரும் எழுத்துக்களையும் எழுத்துத் தொடர்களையும் அது வேண்டுமென்றே மிகுதியாகத் தெரிந்தது. அச்சூழ்ச்சி பொதுவான தேடற் கருவிகளை மயக்கவே செய்தது. ஆயின், மென்பொருளின் பெயரை அறிந்தவனுக்கு அச்சாய்வே வழிகாட்டி. மும்முறை எழுத்தைத் தவிர்க்கப் புகுந்து இருமுறை எழுத்தையும் தவிர்த்த ஜேர்மனிய இயக்குவோரின் பிழை, தொண்ணூறு ஆண்டுகளின் பின் நிரல்வடிவம் பெற்றது.

நிறுவனத்தார் 2019இல் அறிவிக்கப்பெற்று, அவ்வாண்டிலேயே ஆக்கியைத் திருத்தினர். 2020 அக்டோபரிற் பயனாளர் சிலரிடம் பழைய சொற்களை மாற்றுமாறு மென்பொருள் வாயிலாகவே வேண்டினர். இத்துணைப் பெரிய குறை ஆண்டுக்கணக்கில் ஒருவர் கண்ணிலும் படாதிருந்தது எவ்வாறு என்பதற்கு ஆய்வாளர் தந்த விளக்கம் எளியது. பொத்தானை அழுத்தியதும், எழுத்துக்கள் சுழன்று சுழன்று மாறி இறுதியில் ஒரு சொல்லாய் நிலைபெறுவது போன்ற அசைபடம் ஒன்று திரையில் ஓடிற்று. அது முடிய ஒரு விநாடிக்குச் சற்று மேற்பட்ட நேரம் சென்றது. அதன் பின்னரே மறுமுறை அழுத்த இயலும். அதற்குள் அடுத்த விநாடி பிறந்து, வேறொரு சொல் வந்துவிடும்.